தீபாவளி விளக்குக்கு எந்த எண்? சிங்கப்பூர்ச் சுங்கத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுங்கத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். லிட்டில் இந்தியாவில் பூசைப் பொருளும் அலங்காரப் பொருளும் விற்கும் சில சிறு கடைகளுக்கு இறக்குமதித் தாள் வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இன்வாய்ஸைப் படித்துப் பேக்கிங் லிஸ்ட்டோடு ஒப்பிடுவேன். ஒவ்வொரு பொருளுக்கும் எச்எஸ் எண், அதாவது சுங்கத்துறைகள் சரக்கை வகைப்படுத்தப் பயன்படுத்தும் எண், தேடி, இறக்குமதி பெர்மிட் போடும் ஏஜெண்டிடம் விவரம் கொடுப்பேன். தீபாவளிக்காக வந்து இறங்கும் அலங்கார விளக்குகள் எந்தெந்த எண்ணில் வரும் என்பதை நீங்களே படத்தோடு, தமிழிலும் சேர்த்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இது ஒரு கடையின் பிரச்சினை இல்லை என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

"விளக்குக்குத்தான் இங்கே வரியே கிடையாதே, எண் எதுவாக இருந்தால் என்ன?" கடைக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அவர்கள் சொல்வதில் பாதி சரி. சிங்கப்பூரில் சுங்க வரி, தீர்வை என்று வாங்குவது மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள் ஆகிய நான்கு வகைகளுக்கு மட்டும்தான். விளக்கு அந்த நான்கில் இல்லை. பொருள் சேவை வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு. சரக்கின் விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி மூன்றையும் கூட்டி அதன்மேல் கணக்கிடுவார்கள். எந்த எண்ணில் போட்டாலும் அந்த 9 மாறாது. ஆகவே எண்ணை மாற்றிப் போட்டு ஒரு காசுகூட மிச்சப்படுத்த முடியாது என்பது உண்மை.

மீதிப் பாதியைத்தான் அவர்களுக்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. பெர்மிட் என்பது அரசாங்கத்திடம் கொடுக்கும் உறுதிமொழி. அதில் தப்பான எண் இருந்தால், வரி இழப்பு இல்லாவிட்டாலும் அது தப்பான அறிவிப்புதான். தாள்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கேட்பீர்கள். அப்புறம் ஜோகூர் விவகாரம் ஒன்று இருக்கிறது. ஜோகூர் பாருவில் தீபாவளிக்கு விளக்குக் கடை போடுகிறவர்களில் சிலர் தேக்காவிலிருந்து, அதாவது லிட்டில் இந்தியாவிலிருந்து, சரக்கு எடுக்கிறார்கள். எச்எஸ் எண்ணின் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதும் ஒன்று, எட்டு இலக்கம் ஆசியான் முழுவதும் ஒன்று. அதனால் நம் தாளில் உள்ள எண்ணை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டுகிறார்கள். அங்கே இறக்குமதி வரி உண்டு. ஆசியான்–சீனா தடையற்ற வர்த்தக ஒப்பந்தப்படி சலுகை கேட்டால், பிறப்பிடச் சான்றிதழிலும் எச்எஸ் எண் இருந்தாக வேண்டும். இங்கே வரியில்லை என்று அலட்சியமாகப் போட்ட எண், அந்தக் கரையில் வேறொருவர் தலையில் விழுகிறது.

இனி சரக்குக்கு வருகிறேன். சீனாவின் யிவூ சந்தையிலிருந்து வரும் ஒரு கலப்புச் சரக்கை எடுத்துக்கொள்வோம். பல அட்டைப்பெட்டிகள்; ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விளக்கு. இன்வாய்ஸில் பெரும்பாலும் "பண்டிகை அலங்காரப் பொருள்" என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஏஜெண்ட் பண்டிகைப் பொருள் தலைப்பான 9505-ஐத் தட்டிவிடுவார். நான் தாள் பார்க்கும் ஒரு கடைக்கு அப்படித்தான் நடந்தது. எல்லா விளக்கும் 9505.10, அதாவது கிறிஸ்துமஸ் பண்டிகைப் பொருள் என்று பதிவாகியிருந்தது. திருத்துவதற்குக் கட்டணம், அதற்கு மேல் தாமதம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தாமதம் என்றால் சிராங்கூன் சாலைக் கடைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய நட்டம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எச்எஸ் பட்டியலில் 9505 இருக்கும் 95ஆம் அத்தியாயத்தின் குறிப்பைத் திறந்து பார்த்தால் எந்த வகை விளக்குச் சரமும் அந்த அத்தியாயத்தில் சேராது, விளக்குகளுக்கான தலைப்பான 9405-க்குப் போகவேண்டும் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் அத்தியாயக் குறிப்பைத் திறந்து பார்க்கும் கடைக்காரர் யார்? தலைப்பை மட்டும் பார்த்து எண் போடுவதுதான் நடைமுறை. வகைப்பாட்டின் முதல் விதியே தலைப்பையும் குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறது என்பது அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை.

சீரியல் லைட்டையே பாருங்கள். ஒரே பெட்டியைத்தான் நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் குடும்பங்கள் "லிப்-லாப்" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். தீபாவளிக்கு நம்மவர்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு ஜன்னலிலும் வாசல் கம்பிக் கதவிலும் சுற்றுகிறார்கள். டிசம்பரில் அதே சரம் கிறிஸ்துமஸ் மரத்தில் ஏறுகிறது. 2022 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த எச்எஸ் பதிப்பில் இதற்கு 9405.31 என்ற எண் இருக்கிறது: கிறிஸ்துமஸ் மரங்களுக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த, எல்இடிக்கு மட்டுமே என வடிவமைத்த விளக்குச் சரம். எல்இடி அல்லாததற்கு 9405.39. பழைய பதிப்பில் எல்லாம் 9405.30 என்ற ஒரே எண்ணில் இருந்தன.

"நான் விற்பது தீபாவளிக்கு, கிறிஸ்துமஸ் எண்ணில் எப்படிப் போடுவது?" என்று ஒரு பெரியவர் என்னிடம் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். தம் கடைக்கு வரும் சரக்கைப் பற்றிப் பொய் சொல்வதாகவே அவருக்குப் பட்டது. வாங்குகிறவர் எந்தப் பண்டிகைக்கு வாங்குகிறார் என்று சட்டம் கேட்கவில்லை, சரம் எந்த வகை என்றுதான் கேட்கிறது என நான் விளக்கினேன். தலையாட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை. இதையே உங்கள் பக்கத்தில் நீங்கள் தமிழில் எழுதியிருந்தால் அவருக்கு மனம் ஆறியிருக்கும்.

அந்த வகையின் எல்லை எங்கே முடிகிறது என்பதில்தான் எனக்கும் தெளிவு வேண்டும். மெல்லிய கம்பியில் நெல்மணி அளவுப் பல்புகள் கோத்த சரம் என்றால் சந்தேகமில்லை. ஜன்னலில் திரைபோலத் தொங்கும் சரம்? வலைபோல் பின்னியது? கைவிரல் தடிமன் உள்ள ஒளிக்குழாய்? கொல்லைப்புறத்தில் கட்டும், எலுமிச்சை அளவுப் பல்பு கொண்ட தடித்த கம்பி? சூரியத்தகடு வைத்த சரம் என்றால் இன்னொரு கேள்வி முளைக்கிறது, ஏனென்றால் சூரிய மின்னில் எரியும் எல்இடி விளக்குக்கு 9405.41 என்று தனி எண் இருக்கிறது. இவை எல்லாமே ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒரு கடை 9405.31 என்று போடுகிறது. அடுத்த கடை, அதே தொழிற்சாலைச் சரக்கையே, பிற எல்இடி மின் விளக்குக்கு உரிய 9405.42 என்று போடுகிறது. ஐந்தடித் தெருவைக் கடந்தால் எண் மாறுகிறது. இது யாருக்கும் நல்லதல்ல. உங்கள் புள்ளிவிவரத்துக்கும் நல்லதல்ல.

அடுத்தது, தண்ணீர் ஊற்றினால் எரியும் அகல். கடந்த சில ஆண்டுகளாகத் தேக்காவில் இதற்கு நல்ல ஓட்டம். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் அகல். மண் நிறச் சாயம், விளிம்பில் தங்கக் கோடு. மூக்குப் பக்கம் சுடர் வடிவில் ஒளி ஊடுருவும் ஒரு சிறு கூம்பு. கிண்ணத்தின் தரையில் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். தண்ணீர் ஊற்றியதும் அந்த இரண்டுக்கும் நடுவே மின்னோட்டம் பாய்ந்து சுற்று முழுமையாகிறது, உள்ளே இருக்கும் மஞ்சள் எல்இடி எரிகிறது. தண்ணீரைக் கொட்டினால் அணைந்துவிடும். அடியில் பொத்தான் பேட்டரி. எண்ணெய் சிந்தாது, தீ பிடிக்காது, நடைபாதையில் காற்று அடித்தாலும் அணையாது. மாடிவீட்டுக் குடும்பங்களுக்கு இதைவிட வசதியான பொருள் இல்லை.

இந்த ஒரு அகலுக்கு நான் தாள்களில் பார்த்த எண்கள் என்னென்ன தெரியுமா? மெழுகுவத்தி என்று 3406. பொம்மை என்று 9503. பிளாஸ்டிக் அலங்காரப் பொருள் என்று 3926.40. கைவிளக்கு என்று 8513. அகல் என்றால் எண்ணெய் விளக்குதானே என்று 9405.50. ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் 3406 உருகி எரியும் மெழுகுவத்திக்கு உரியது. 9405.50 மின்சாரம் இல்லாத விளக்குக்கு உரியது. 8513 என்பது டார்ச் மாதிரி, கையில் பிடித்தோ உடம்பில் மாட்டியோ பயன்படுத்தும் விளக்குக்கு உரியது. இந்த அகலை ஒரு தட்டில் வைத்து வேடிக்கை பார்க்கிறோம். பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்ததும் அல்ல. என் வாசிப்பில் இது மின் விளக்குதான், 9405-இல் எல்இடிக்கு உரிய எண்ணில்தான் வரவேண்டும். அப்படியும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: மேசையில் வைக்கும் விளக்கு என்று 9405.21-க்குப் போகுமா, பிற மின் விளக்கு என்று 9405.42-க்குப் போகுமா? நான் ஒரு பக்கம் சாய்வேன், இன்னொரு முகவர் மறுபக்கம் சாய்வார். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் சாய்வோம். முடிவு சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

தோரணமும் இப்படித்தான். பிளாஸ்டிக் மாவிலையும் துணியில் செய்த சாமந்திப்பூவும் கோத்து, நடுநடுவே எல்இடி மணிகள் வைத்த வாசல் தோரணம். செயற்கைப் பூ என்றால் 6702. பண்டிகை அலங்காரம் என்றால் 9505.90. விளக்குச் சரம் என்றால் 9405. பல பொருள் சேர்ந்த ஒன்றுக்கு எது முதன்மைத் தன்மையைக் கொடுக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது மூன்றாம் விதி. அதிலும் முடிவு வராவிட்டால், பொருந்தும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. விதி நல்ல விதிதான். ஆனால் அந்தத் தோரணத்தின் முதன்மை எது? பகலில் வாசலில் நிற்பவருக்குப் பூவும் இலையும். இரவில் எதிர் புளோக்கிலிருந்து பார்ப்பவருக்கு வெளிச்சம் மட்டும். பேட்டரி தீர்ந்த பிறகும் பொங்கல் வரைக்கும் அதைக் கழற்றாமல் விட்டுவைக்கும் வீடுகள் ஏராளம். பிரஸ்ஸல்ஸில், உலகச் சுங்க அமைப்பின் தலைமையகத்தில், உட்கார்ந்து விதி எழுதியவர்கள் நம் வாசல் தோரணத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்திலேயே அதைக் கட்டும் வீட்டுப் பிள்ளைகள் வேலை செய்வார்கள். இந்தப் பொருளை நன்றாக வகைப்படுத்தக்கூடிய சுங்கத்துறை உலகில் ஒன்று உண்டென்றால், அது சிங்கப்பூர்ச் சுங்கத்துறை என்பது என் நம்பிக்கை.

இப்படிச் சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இருக்கிறது. ஆசியானின் எட்டு இலக்கப் பட்டியலில் 9405.50.11 என்ற எண்ணைப் பாருங்கள்: சமயச் சடங்குகளுக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த, பித்தளையில் செய்த எண்ணெய் விளக்கு. நம் குத்துவிளக்குக்கு ஆசியான் பட்டியலில் தனி இடம் இருக்கிறது! இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதே மாதிரி சீனர்களின் காகித விளக்குக்கும் 94ஆம் அத்தியாயக் குறிப்பில் பெயர் சொல்லியே வழி காட்டியிருக்கிறார்கள்: விளக்குச் சரமாக இல்லாதவரை அந்த அலங்காரம் 9505-க்குப் போகும். மூன்கேக் திருவிழாவுக்குச் சரக்கு எடுக்கிறவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி.

ஆனால் அந்தப் பித்தளை எண்ணை நம் கடைக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாச்சியார்கோவிலிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் குத்துவிளக்கு அனுப்புகிறவர்கள் தாளில் 8306 என்றோ 7419 என்றோ எழுதி அனுப்புவதுண்டு. ஒன்று உலோகச் சிலைக்கும் அலங்காரப் பொருளுக்கும் உரியது, மற்றது செம்புக் கலவையில் செய்த பிற பொருளுக்கு உரியது. இங்கேயும் அதையே பார்த்து எழுதிவிடுகிறார்கள். குத்துவிளக்கு விளக்குதான், உலோகம் எதுவானாலும் 94ஆம் அத்தியாயத்துக்குத்தான் வரும் என்று உலோகப் பிரிவின் குறிப்பே சொல்கிறது. இப்போது மின்சாரக் குத்துவிளக்கும் வருகிறது. ஐந்து முகத்திலும் திரி இருக்கவேண்டிய இடத்தில் சுடர் வடிவப் பல்பு. அது எண்ணெய் விளக்கின் எண்ணுக்குள் வராது. பல்பைத் திருகிக் கழற்றி வேறு வகைப் பல்பு போடமுடியும் என்றால் "எல்இடிக்கு மட்டுமே" என்ற எண்ணிலும் அதைப் போடக்கூடாது என்றே நினைக்கிறேன். உருவம் ஒன்றாக இருந்தாலும் எண் மூன்று விதமாகப் பிரியும் என்பதை ஒரு படம் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். எழுத்தில் விளக்க எனக்கே இவ்வளவு இடம் தேவைப்பட்டிருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கு உண்மையிலேயே பயம் இருக்கிறது. 230 வோல்ட் மின்னிணைப்பில் எரியும் அலங்கார விளக்குகளும் மேசை விளக்குகளும் அடாப்டர்களும், பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி பதிவு செய்து பாதுகாப்புச் சின்னம் ஒட்டி விற்கவேண்டிய 33 வகைப் பொருள்களுக்குள் வருகின்றன. அதைப் பார்த்துக்கொள்வது வேறோர் அரசு அமைப்பு, நீங்கள் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடைக்காரர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "பெர்மிட்டில் பண்டிகைப் பொருள் என்றுதானே இருக்கிறது, இது மின்சாதனம் இல்லையே, சின்னம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். தப்பான எண் அவர்களுக்கு ஒரு தப்பான தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. எண் எதுவானாலும் சுவரில் செருகினால் அது மின்சாதனம்தான். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில், துணித் திரைக்குப் பக்கத்தில், இரவு முழுக்க எரியப்போகும் பொருள் அது. உங்கள் விளக்கப் பக்கத்திலேயே "சுங்க எண் வேறு, பாதுகாப்புச் சின்னம் வேறு, இரண்டும் வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் அது பல வீடுகளைக் காக்கும். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

ஒரு பொருளுக்கு எந்த எண் என்று உங்களிடமே முடிவு கேட்கும் வகைப்பாட்டுத் தீர்ப்புக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஒரே வகைப் பொருளைக் கொள்கலன் கொள்கலனாகக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு அது பொருந்தும். எங்கள் கடைகள் ஒரே சரக்கில் பலவகை விளக்கைக் கொண்டுவருகின்றன, வகைக்குச் சில பெட்டி. அடுத்த ஆண்டு அந்த மாடலே சந்தையில் இருக்காது. பொருள் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கட்டி, மாதிரியும் விவரக் குறிப்பும் கொடுத்துக் காத்திருப்பது சிறு கடைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அவர்கள் கேட்பதே இல்லை. பக்கத்துக் கடைக்காரர் என்ன போட்டார் என்று பார்த்து எழுதுகிறார்கள்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் ஆகியவற்றுக்கு இங்கே வழக்கமாக வரும் விளக்குகளைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க எண்ணும், ஏன் அந்த எண் என்று இரண்டு வரியும் எழுதி, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். தண்ணீர் அகல், எல்இடி தோரணம், மின்சாரக் குத்துவிளக்கு, சூரிய மின் சரம், ஒளிரும் பிள்ளையார், "தீபாவளி வாழ்த்துகள்" என்று எழுத்தாகவே எரியும் பலகை ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். அந்தப் பலகைக்கு 9405.61 என்று ஒளிரும் பெயர்ப்பலகை எண் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதையும் நீங்கள்தான் உறுதிப்படுத்த வேண்டும். தீர்ப்பு சொல்லமுடியாத அளவுக்கு எல்லையில் நிற்கும் பொருள் இருந்தால், "இதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள்" என்று அதையும் சொல்லிவிடுங்கள். அதுவே பெரிய உதவி.

நேரத்தையும் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தீபாவளிச் சரக்குக்கு எங்கள் கடைகள் ஆண்டின் நடுவிலேயே ஆர்டர் கொடுத்துவிடுகின்றன. பக்கம் அக்டோபரில் வந்தால் அந்த ஆண்டுக்குப் பயன்படாது. மே மாதத்துக்குள் வரவேண்டும். 2028 ஜனவரி 1-இல் எச்எஸ் அடுத்த பதிப்பு நடப்புக்கு வருகிறது. அப்போது மாறும் எண்களைப் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டுக் காட்டினால், 2027 தீபாவளியில் விற்காமல் மிஞ்சும் சரக்கை மறு ஏற்றுமதி செய்கிறவர்கள் தடுமாறமாட்டார்கள்.

படம் எடுக்க மாதிரிகள் வேண்டுமென்றால் நான் பணிபுரியும் கடைகள் தரத் தயாராக இருக்கின்றன, கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தமிழ்ப் பகுதியை எழுதும்போது கடைக்காரர்கள் புழங்கும் பெயர்கள் தேவைப்பட்டால், அதற்கு என் நேரத்தையும் தருகிறேன்.

இப்படிக்கு,
லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு இறக்குமதித் தாள் வேலை பார்க்கும் ஒருவர்